பல்லைப் பிடுங்கியது குறடா, கடவுளா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாம்பரத்திற்குத் தெற்கே ஒரு சர்ச்சின் காம்பவுண்டுக்குள் ஏழைகளுக்கு இலவசமாகப் பல் வைத்தியம் செய்கின்றார்கள் என்று கேள்விப்பட்டு, நாமும் தோழர் ஒருவருமாகப் போய்ப் பார்த்தோம். பந்தலுக்கடியில் நாலு நாற்காலி. நாற்காலிக்கு ஒரு வாலிப டாக்டர். வெளியே சித்தாள்களும், குப்பை வாரும் தொழிலாளர்களும், வீட்டு வேலை செய்யும் பெண்களுமாக நீண்ட வரிசை. ஐம்பது வயதிருக்கும் ஒரு சித்தாள் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தார். மூன்று இரவாகத் தூக்கமில்லையாம். மரத்துப்போக ஊசி போட்டார்கள்; சிறிது நேரத்திற்கெல்லாம் கடைவாய்ப் பல் கிண்ணத்தில் விழுந்தது.

பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தவரை, "எவ்வளவம்மா கேட்டார்கள்?" என்றோம்.

"காசு ஒண்ணும் கேக்கலை சார். கண்ணை மூடிக்கினு சாமியைக் கும்பிடச் சொன்னாங்க, கும்பிட்டேன்" என்றார்.

அவர் கையில் ஒரு துண்டுப் பிரசுரம் இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. நாம் வாங்கிப் படித்தோம். சுகம் கொடுப்பவர் ஏசுவே என்று அதில் கண்டிருந்தது.

நமது தோழருக்குக் கோபம் வந்துவிட்டது. வலியைக் காட்டி மதத்திற்கு ஆள் பிடிக்கும் தந்திரம் என்றார். நாம் அவ்வளவு தூரம் போக இஷ்டப்படவில்லை. அந்த வாலிபர்கள் தங்கள் ஓய்வு நாளைக் கொடுத்து, பிறர் வாய்க்குள் கையை விட்டு, சீழையும் இரத்தத்தையும் துடைத்தார்கள். கடல் கடந்தும் இந்த வேலை நடக்கின்றது. 1978-ல் ஏற்பட்ட மெர்சி ஷிப்ஸ் என்னும் கிறிஸ்தவ ஸ்தாபனத்தின் ஆஸ்பத்திரிக் கப்பல்களில், சம்பளம் வாங்காதது மாத்திரமல்லாமல் சொந்தச் செலவையும் தாங்களே போட்டுக்கொண்டு வரும் டாக்டர்களும் பல் வைத்தியர்களும் ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் ஏழைகளுக்கு வைத்தியம் செய்கின்றார்கள். இவர்களுக்கு நன்றி சொல்லாதவனைப் பகுத்தறிவுவாதி என்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

ஆனால் நன்றி யாருக்கு என்பதுதான் கேள்வி. கிறிஸ்தவர்களுக்குப் பல்வலிக்கென்றே ஒரு புனிதவதி உண்டு. அப்பொலோனியா என்று பெயர். 249-ஆம் வருஷ வாக்கில் அலெக்ஸாண்டிரியாவில் பல்லை உடைத்துக் கொல்லப்பட்டவர். ஐரோப்பாவில் பல நூறு வருஷம் ஜனங்கள் பல்வலி வந்தால் இவரை வேண்டினார்கள். வலி தீர்ந்ததா? நம்மவர்கள் பல்லில் புழு இருக்கின்றதென்று சொல்லிக் கண்டங்கத்திரி விதையைப் புகைத்து வாயில் பிடித்தார்கள். அந்தப் புழு ஐரோப்பாவிலும் இருந்ததுதான். 1728-ல் பிரெஞ்சு தேசத்துப் பியேர் ஃபோஷார் என்ற பல் வைத்தியர் பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் அப்படியொரு புழுவைக் காணவில்லையென்று எழுதினார். 1846-ல் பாஸ்டன் நகரத்தில் ஈதர் கொடுத்து வலியில்லாமல் ரண சிகிச்சை செய்யலாமென்று எல்லோரும் அறியக் காட்டிய மார்ட்டனும் ஒரு பல் வைத்தியரே. அந்தச் சித்தாளின் வலியைத் தீர்த்தது இந்தப் பரம்பரைதான். ஜெபம் அதற்கு முந்தியே ஆயிரம் வருஷத்திற்குமேல் கையிலிருந்ததே! சந்தேகமிருந்தால், அந்த டாக்டருக்கே பல் வலித்தால் அவர் முதலில் போவது பாதிரியாரிடமா, இன்னொரு டாக்டரிடமா என்று கேட்டுப் பாருங்கள்.

நிற்க. இதைப் படித்து இந்துமதப் பிரசாரகர்கள் சந்தோஷப்பட வேண்டியதில்லை. மதம் மாற்றுகின்றான், மதம் மாற்றுகின்றான் என்று கூச்சல் போடும் கனவான்களை ஒன்று கேட்கின்றோம். 1890-களில் திண்டிவனத்தில் நடந்தது ஞாபகமிருக்கின்றதா? ஒரே இரவில் மூன்று பேர் ஒருவர்பின் ஒருவராக ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண்ணிடம் வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியைக் காப்பாற்ற வேண்டுமென்று கெஞ்சினார்கள். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் வேறொரு மேல்ஜாதி இந்து. அவர் தமக்கு வைத்தியம் தெரியாதென்றும், தம் தகப்பனார் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றும் சொன்னார். அந்நிய ஆண்பிள்ளை பார்ப்பதைவிடச் சாவதே மேலென்று மூவரும் திரும்பிவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்தார்கள். எதிலும் ஒத்துப்போகாத மதங்கள் பெண்ணைச் சாகவிடுவதில் மாத்திரம் அன்றிரவு எவ்வளவு ஒற்றுமையாயிருந்தன!

அன்றிரவு கடவுள் தம்மை அழைத்ததாக ஐடா அம்மையார் நம்பினார். நம்பட்டும். ஆனால் அவர் செய்தது என்ன? திண்டிவனத்திலேயே முழங்காலிட்டுக் கொண்டிருக்கவில்லை. கப்பலேறி அமெரிக்கா போய் வைத்தியம் படித்து, 1899-ல் பட்டம் பெற்று, 1900-ல் திரும்பி வந்து வேலூரில் வைத்தியம் ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கென்றே வைத்தியப் பள்ளிக்கூடமும் வைத்தார். கடவுள் கூப்பிட்டாராயினும் பிள்ளைப்பேறு பார்க்கக் கற்றுக்கொடுத்தது காலேஜ்தானே!

"எங்கள் கோவிலிலும் ஆஸ்பத்திரி இருந்தது, திருமுக்கூடல் கல்வெட்டைப் பார்" என்று சிலர் சொல்லுவார்கள். பார்த்தாகிவிட்டது. 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திரன் காலத்தில் அங்கே பதினைந்து படுக்கையுள்ள ஆதுலசாலை இருந்தது வாஸ்தவமே. யாருக்கு? வேதம் படிக்கும் மாணாக்கருக்கும் கோவில் ஊழியத்திலிருந்தவர்களுக்கும். பாலாற்றங்கரையில் உழுதவனுக்குப் பல் வலித்தால் எங்கே போனான் என்று அக்கல்வெட்டு சொல்லவில்லை. இன்று சில மடங்களும் கோவில்களும் ஆஸ்பத்திரி நடத்துகின்றன. நல்லது. பாதிரியைப் பார்த்து வந்த ரோஷமாயிருந்தாலும் நல்லதே.

இனிப் பாதிரிமார்களுக்கு ஒரு வார்த்தை. மருந்தையும் மதத்தையும் பிரிக்க வேண்டுமென்பது நமது கண்டுபிடிப்பல்ல. 1932-ல் அமெரிக்காவில் ஹாக்கிங் என்னும் தத்துவப் பேராசிரியர் தலைமையில் கிறிஸ்தவர்களே ஒரு விசாரணை நடத்தி, ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் தம்மளவிலேயே நல்ல காரியங்கள், அவற்றை மதப் பிரசாரத்திற்குக் கட்டிப்போடக் கூடாது என்று அறிக்கை எழுதினார்கள். பாதிரிகள் பலர் கொதித்தார்கள். பிறகு 1938 டிசம்பரில் உலகத்துப் பாதிரிமார்களும் சபைத் தலைவர்களும் கூடிய மகாநாடு எங்கே நடந்தது தெரியுமா? இதே தாம்பரத்தில், அதற்கு முந்திய வருஷம் இங்கே குடிவந்த கிறிஸ்தவக் காலேஜில். அம்மகாநாட்டிற்காக டச்சுக்காரர் கிரேமர் எழுதிய புத்தகம் ஹாக்கிங் கூட்டத்தாரின் போக்கையே மறுத்தது. அன்று பேசி முடியாத வழக்குதான் இன்று அந்தப் பந்தலுக்கடியில் துண்டுப் பிரசுரமாக வந்து நிற்கின்றது. வரிசையில் நிற்கும் ஏழை, டாக்டர் சொன்னால் எந்தச் சாமியையும் கும்பிடுவார். வலி அப்படிப்பட்டது. அந்தக் கும்பிடு ஏசுநாதருக்குத்தான் என்ன கௌரவம்?

கடவுளின் பெயரில்லாவிட்டால் இரக்கம் வராதென்பவர்கள் இரண்டு ஸ்டேஷன் ரயிலேறிச் சானட்டோரியத்தில் இறங்கிப் பார்க்கட்டும். லண்டன் போய்ப் படித்து வந்த டாக்டர் சௌரிமுத்து 1928-ல் க்ஷயரோகிகளுக்காக ஏற்படுத்திய இடம் அது. 1937-ல் சர்க்கார் கைக்கு வந்தது. 1990-களில் எய்ட்ஸ் நோயாளியைத் தொடவே பல ஆஸ்பத்திரிகள் பயந்த காலத்தில், வாசலிலிருந்து துரத்தப்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்டது அந்தச் சர்க்கார் ஆஸ்பத்திரியே. அங்கே யாரும் யாரையும் கண்ணை மூடச் சொல்லவில்லை. வரிப்பணத்தில் நடப்பது, நோயாளி பிச்சைக்காரனாக உள்ளே போக வேண்டியதில்லை.

பல்லுக்கும் அப்படித்தான் இருக்க வேண்டுமென்கின்றோம். புறநகரில் கல்லும் மண்ணும் சுமப்பவர், சென்னைப் பல் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போயிற்று. அவர் குடியிருக்கும் இடத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில், வாரத்தில் குறித்த நாளில், பல் டாக்டரும் நாற்காலியும் மருந்தும் குறைவில்லாமல் இருக்கும்படி செய்ய, இவ்வூர்களில் ஓட்டுக் கேட்டு வருகின்றவர்களை நிர்ப்பந்திக்க வேண்டும்.

அந்தச் சித்தாளுக்கு இன்னொரு கடைவாய்ப் பல்லும் சொத்தை. அதைப் பிடுங்காமல் நிறுத்தலாம், ஆனால் நாலைந்து தடவை வர வேண்டும் என்று டாக்டரே சொன்னார். "மறுபடி எப்போ சார் வருவீங்க?" என்று அம்மையார் கேட்டார். வாலிபர் நல்லவர், முகம் வாடிவிட்டது. அடுத்த கிறிஸ்துமஸ் சமயத்தில் பார்க்கலாம் என்றார்.