முதலாண்டுப் படிப்பைத் தூக்கியெறியச் சொல்லும் சட்டக் கல்வி

சாமல்பட்டியில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றின் மகள், அரசு சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பின் முதலாண்டை முடித்திருக்கிறார். தந்தைக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்தான். வழக்கறிஞன் என்பதால் என்னிடம் வந்து கேட்டார்: “நல்ல மார்க் வாங்கியிருக்கேன் சார். ரெண்டாம் வருஷம் பெங்களூர் லா ஸ்கூல்ல சேர முடியுமா?”

முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏன் முடியாது என்று அவர் திருப்பிக் கேட்டபோதுதான், என்னிடம் நியாயமான பதில் இல்லை என்பது புரிந்தது.

பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி உள்ளிட்ட பெரும்பாலான தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் இளநிலை இடங்கள், ‘கிளாட்’ என்னும் பொது நுழைவுத் தேர்வின் வழியே நிரப்பப்படுகின்றன. அத்தேர்வு முதலாம் ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டுமே. இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளில் 13ஆம் விதி, ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றிருப்பதைக் காரணம் காட்டி ஒருங்கிணைந்த படிப்பின் இடையில் சேர்வதைத் தடுக்கிறது. அந்த விதியின் சொற்கள் பட்டதாரிகளைப் பற்றியவை. வேறொரு கல்லூரியில் அதே சட்டப் படிப்பின் முதலாண்டை முடித்தவரைப் பற்றியவை அல்ல. ஆயினும், சேர்க்கை முறையே முதலாண்டோடு முடிந்துவிடுவதால், அவருக்கும் கதவு மூடியே இருக்கிறது.

அப்படியானால் யாரும் இடம் மாறுவதில்லையா? மாறுகிறார்கள். முதலாண்டில் படித்துக்கொண்டே மீண்டும் கிளாட் எழுதி, வெற்றிபெற்றால் பழைய கல்லூரியை விட்டு விலகி, புதிய இடத்தில் மறுபடியும் முதலாண்டில் உட்காருகிறார்கள். வயதும் இதற்குத் தடையாக இல்லை. சட்டப் படிப்புக்கு வயது வரம்பு விதித்த பார் கவுன்சிலின் சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2017 மார்ச்சில் நிறுத்திவைத்தது. ஆக, நம்முடைய அமைப்பு இடமாற்றத்தைத் தடுக்கவில்லை. அதற்கு ஓராண்டை விலையாகக் கேட்கிறது, அவ்வளவுதான்.

அந்த விலை எல்லோருக்கும் ஒன்றல்ல. வசதியுள்ள வீட்டில் ஓராண்டு தாமதம் என்பது சிறிய வருத்தம். மாதச் சம்பளம் வேலைநாளைப் பொறுத்து மாறும் ஒப்பந்தத் தொழிலாளியின் வீட்டில், அது ஓராண்டு வருமானத்தின் தள்ளிவைப்பு; தம்பியின் படிப்பு, தங்கையின் திருமணம் என எல்லாவற்றையும் ஓராண்டு நகர்த்தும் முடிவு. கிளாட் விண்ணப்பக் கட்டணமே பொதுப்பிரிவினருக்கு 4,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 3,500 ரூபாய். பயிற்சி மையச் செலவு தனி. தேர்வு இப்போது டிசம்பரில் நடக்கிறது. முதல் பருவம் முடியும் முன்னரே, தன் கல்லூரி தனக்கு ஏற்றதா இல்லையா என்று தெரியாத நிலையிலேயே, மாணவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

மொழிச் சுவரும் இருக்கிறது. கிளாட் ஆங்கிலத்தில் மட்டுமே நடத்தப்படுகிறது. ஆனால், சட்டப் படிப்பை முடித்தவர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வைத் தமிழில் எழுதலாம். தொழிலுக்குள் நுழையத் தமிழ் போதும், நல்ல கல்லூரிக்குள் நுழையப் போதாது என்பது விசித்திரமான முரண்.

ஓசூர் எல்லையில் வாழ்வோருக்கு இன்னொரு சிக்கல். அங்கிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். ஆனால், பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியில் கர்நாடகத்தில் பத்தாண்டுகளேனும் படித்த மாணவர்களுக்கென 25 விழுக்காடு இடங்கள் உள்ளன. எல்லைக்கு இந்தப் பக்கம் படித்த பிள்ளைக்கு, வேலைக்கும் மருத்துவமனைக்கும் பக்கமாக இருக்கும் நகரம், படிப்புக்கு மட்டும் தொலைவாகிவிடுகிறது. ஒரு மாநிலம் தன் மாணவர்களுக்கு முன்னுரிமை தருவதை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது வாய்ப்பு எவ்வளவு அவசியம் என்பதையே சுட்டுகிறேன்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே மூன்றாண்டுச் சட்டப் படிப்பின் முதலாண்டு மதிப்பெண்ணைக் காட்டி, தரவரிசையில் மேலே உள்ள கல்லூரிக்கு இரண்டாம் ஆண்டில் மாறுவது வழக்கமான நடைமுறை. எத்தனை பேர் அப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதைக் கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று அமெரிக்க பார் அசோசியேஷன் விதித்திருக்கிறது. பதினேழு வயதின் ஒரு நாள் தேர்வைவிட, ஓராண்டு சட்டம் படித்துப் பெற்ற மதிப்பெண் ஒருவரின் சட்டத் திறனை நன்றாகக் காட்டும் என்பதே இதிலுள்ள நியாயம்.

ஆனால், அதைக் கண்ணை மூடிக்கொண்டு நகலெடுக்கவும் கூடாது. அங்குள்ள புகழ்பெற்ற தரவரிசைகள், முதலாண்டில் சேர்வோரின் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையே கணக்கில் கொள்கின்றன. எனவே, முதலாண்டில் குறைவாகச் சேர்த்துத் தரவரிசையைக் காப்பாற்றிக்கொண்டு, இரண்டாம் ஆண்டில் மாற்று மாணவர்களால் கட்டண வருவாயை ஈடுகட்டும் ஆசை கல்லூரிகளுக்கு எழுகிறது. சிறிய கல்லூரிகளோ தங்கள் சிறந்த மாணவர்களை இழக்கின்றன. நம் பக்கத்தில் 2017இல் தருமபுரியிலும் 2019இல் சேலம், நாமக்கல்லிலும் தொடங்கிய இளம் அரசு சட்டக் கல்லூரிகளுக்கு அப்படிப்பட்ட இழப்பைத் தாங்கும் வலு இல்லை. இடமாற்றத்தை எதிர்ப்போர் சொல்லும் இந்த வாதத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால், இந்த இழப்பு இப்போதும் நடக்கிறது என்பதை மறக்கக் கூடாது. மறுபடி கிளாட் எழுதி ஒருவர் வெளியேறும்போது, அவர் விட்டுச்செல்லும் அரசுக் கல்லூரி இடத்தில் இடையில் வேறு யாரையும் சேர்க்காவிட்டால், அது எஞ்சிய நான்காண்டுகளும் காலியாகக் கிடக்கும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் இடையில் விலகுவோரின் இடங்களுக்கும் இதே கதிதான். பொதுப் பணத்தில் உருவான இடங்கள் இரு பக்கமும் வீணாகின்றன. மாணவரின் ஓராண்டும் வீணாகிறது.

எனவே, அளவோடு ஒரு வழியைத் திறக்கலாம். முதலாண்டுக்குப் பின் காலியாகும் இடங்களை மட்டும் இரண்டாம் ஆண்டில் நிரப்பலாம். புதிய இடங்களை உருவாக்க வேண்டாம். இட ஒதுக்கீடு அவற்றுக்கும் பொருந்த வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மதிப்பெண் வழங்கும் முறை வேறுபடுவதால், அரசமைப்புச் சட்டம், ஒப்பந்தச் சட்டம், தீங்கியல் சட்டம் போன்ற பாடங்களில் ஒரு பொதுத் தேர்வு நடத்தலாம். அதைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் எழுத அனுமதிக்கலாம். வருவோர், போவோர் எண்ணிக்கையை ஒவ்வொரு கல்லூரியும் வெளியிட வேண்டும். எங்கிருந்து அதிகம் பேர் வெளியேறுகிறார்களோ, அங்கே ஆசிரியர் பணியிடங்களையும் நூலகத்தையும் கவனிக்க வேண்டும் என்பதற்கு அந்த எண்ணிக்கையே சான்றாகும்.

தேசியக் கல்விக் கொள்கை 2020, மாணவர் ஈட்டிய மதிப்பலகுகளை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச்செல்லும் மதிப்பலகு வங்கியைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறது. ஆனால், அதே கொள்கை முன்வைக்கும் ஒற்றை ஒழுங்குமுறை அமைப்பின் வரம்பில் மருத்துவக் கல்வியும் சட்டக் கல்வியும் இல்லை. எனவே, இதில் முடிவெடுக்கும் பொறுப்பு பார் கவுன்சிலையும் பல்கலைக்கழகங்களையுமே சேரும்.

அந்த மாணவி இப்போது இரண்டாம் ஆண்டு வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறார். கிளாட் மறுபடி எழுதப்போவதில்லை என்கிறார். “ஒரு வருஷத்தை விட முடியாது சார்” என்பது அவர் சொன்ன காரணம். அவரைப் பாராட்டத்தான் எனக்குத் தோன்றியது. ஆனால், அந்த முடிவை எடுத்தது அவருடைய திறமையல்ல, அவருடைய வீட்டு வருமானம் என்பதை நினைக்கும்போது பாராட்ட மனம் வரவில்லை.