முடிதானே என்று சொல்வதற்கு முன்

கீமோதெரபி எடுத்துக்கொள்ளும் பெண்ணைப் பார்க்கப் போகும்போது நாம் தவறாமல் சொல்லும் ஆறுதல் ஒன்றுண்டு: "முடிதானே, வளர்ந்துவிடும்." பொய்யில்லை. சிகிச்சை முடிந்த சில மாதங்களில் பெரும்பாலானோருக்கு முடி மீண்டும் வளர்கிறது. ஆயினும் அந்த ஆறுதலுக்குள் ஒரு கண்டிப்பு இருக்கிறது: உயிருக்கே ஆபத்தான வேளையில் கூந்தலுக்கு அழலாமா?

திருக்குறளின் மானம் அதிகாரத்தில் மயிர் இரண்டு இடங்களில் வருகிறது. ஓரிடத்தில், தலையிலிருந்து வீழ்ந்ததும் மதிப்பிழந்த பொருளாக. மற்றோரிடத்தில், இழந்தால் கவரிமா உயிர்வாழாத உடைமையாக. நோயாளியிடம் நாம் முதலாவதை மட்டுமே பேசுகிறோம். இரண்டாவதை அவள் பேசினால் அழகு மோகம் என்று ஒதுக்குகிறோம். பழனியில் முடியிறக்குபவர் தாமே மனமுவந்து கொடுக்கிறார். இவளிடமிருந்தோ பறிக்கப்படுகிறது. தன் நோயை யாரிடம், எப்போது சொல்வது என்று முடிவுசெய்யும் உரிமையும் உடன் போய்விடுகிறது. பேருந்தில் பக்கத்தில் அமர்பவரும் அதை அறிந்துகொள்கிறார்.

இவ்விழப்பைத் தடுக்க முயலலாம் என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. விரைந்து பிரியும் செல்களைத் தாக்குபவை கீமோ மருந்துகள். மயிர்க்கால்களின் செல்களும் அத்தகையவையே என்பதால் அவையும் அடிபடுகின்றன. மருந்து ஏறும்போது தலையைக் குளிர்வித்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கி, மயிர்க்காலை எட்டும் மருந்து குறைகிறது. செல்களின் இயக்கமும் மந்தமாகிறது. 1970களிலேயே பனிக்கட்டி வைத்து இதை முயன்றிருக்கிறார்கள். 1990களில், இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் பியர் குளிரூட்டும் தொழில் செய்துவந்த குடும்பமொன்று, தம் வீட்டுப் பெண் முடியிழந்ததைக் கண்டு, குளிர்திரவம் ஓடும் தொப்பியொன்றை உருவாக்கியது. அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 2017இல் வெளியான ஆய்வொன்றில், அத்தகைய தொப்பி அணிந்த மார்பகப் புற்றுநோயாளிகள் 95 பேரில் 48 பேர் பாதிக்கு மேல் முடியை இழக்கவில்லை. அணியாத 47 பேரில் ஒருவருக்குக்கூட அவ்வாறு தங்கவில்லை.

இதை அற்புதமென்று விற்பவர்களை நம்பவேண்டியதில்லை. பாதிப் பேருக்குப் பலனில்லை என்பதும் அதே கணக்குத்தான். ஆந்த்ராசைக்ளின் வகை மருந்துகளில் பலன் குறைவு. இரத்தப் புற்றுநோயாளிகளுக்கு இது பொருந்தாது. தலைவலியும் கடுங்குளிரும் உண்டு. மருந்து ஏறுவதற்கு அரை மணி முன்பிருந்து, முடிந்தபின் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தொப்பியோடு அமர்ந்திருக்க வேண்டும். செலவும் சிறிதன்று. எனினும் இது சோதிக்கப்பட்ட வழி. உறவினர் வாங்கிவரும் தைலங்களுக்கு இத்தகைய சான்று கிடையாது.

நம் கருத்து எளியது. முதல் மருந்து ஏறுவதற்கு முன்பே இப்படியொரு வழி இருப்பதை மருத்துவர் சொல்லவேண்டும். முடி உதிரத் தொடங்கியபின் சொல்லிப் பயனில்லை. குளிரைத் தாங்குவதா, தானே முன்கூட்டி மழித்துக்கொள்வதா, உதிர்ந்தால் உதிரட்டும் என்று விடுவதா என்பதை அவள் தீர்மானிக்கட்டும். எதைத் தேர்ந்தாலும் அது அவள் தேர்ந்ததாக இருக்கும். நோய் வந்த நாள்முதல் அவள் உடலைப் பற்றிய முடிவுகளையெல்லாம் பிறரே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஒன்றிலேனும் அவளைக் கேட்போம்.