வீக்கமும் வளர்ச்சியும்

இலக்கியக் கூட்டங்களின் பழைய ஒலிநாடாக்களைக் கணினியில் ஏற்றி நண்பர்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் நல்லதுதான். ஆனால் அதனுடன் ஒரு மூடநம்பிக்கையும் சேர்ந்தே வளர்ந்திருக்கிறது. எம்பி3 கோப்பை ஏதோவோர் இணையதளத்தில் கொடுத்து வேவ் கோப்பாக மாற்றி வாங்கிவிட்டால் ஒலியின் தரம் உயர்ந்துவிடுமாம். இனி நாடாவையே தூக்கியெறிந்துவிடலாமாம். கோப்பு பலமடங்கு பெருத்திருப்பதை இதற்குச் சான்றாகவும் காட்டுகிறார்கள். வீக்கத்தை வளர்ச்சி என்று கொண்டாடும் நம் விமர்சனச் சூழலில் இது வியப்பில்லை.

எம்பி3 என்பது, மனிதச் செவி கவனிக்காது என்று கணக்கிட்ட ஒலிகளைக் கழித்துவிடும் முறை. குறுந்தகட்டில் நொடிக்கு 1411 கிலோபிட் கொள்ளும் ஒலி 128 கிலோபிட்டில் அடங்கிவிடுவது அதனால்தான். கழித்தது கழித்ததுதான். வேவ் ஆக மாற்றும்போது மிச்சமிருப்பது பெரிய பாத்திரத்துக்கு மாறுகிறது, அவ்வளவே. ஒருவர் எம்பி3-ஐ ஏஏசி ஆக்கி, இன்னொருவர் அதை மறுபடி எம்பி3 ஆக்கினாலோ, ஒவ்வொரு கையிலும் கழித்தல் புதிதாக நடக்கிறது. ‘ஸ’கரத்தின் கூர்மை மழுங்குகிறது. பேச்சாளர் சொல்தேடித் தயங்கிய இடத்தின் மெல்லிய மூச்சும் போய்விடுகிறது. மறைந்த எழுத்தாளர் ஒருவரின் குரலில் நமக்கு வேண்டியிருப்பது அதுவல்லவா?

கோப்பு எங்கே போகிறது என்றும் யாரும் கேட்பதில்லை. மாற்றித்தரும் தளங்கள் பல, அதைத் தம் வழங்கிக்கு ஏற்றிக்கொள்பவை. நம்பிக்கையான நாலு பேரிடம் எழுத்தாளர் மனம்விட்டுப் பேசியதை முன்பின் தெரியாதவரின் வட்டில் கொண்டுபோய் வைக்க நமக்கு என்ன உரிமை? இதற்கு அவசியமும் இல்லை. 2017-இல் வெப்அசெம்பிளி முக்கிய உலாவிகளுக்கெல்லாம் வந்துவிட்ட பிறகு, எஃப்எஃப்எம்பெக் போன்ற மென்பொருளை உலாவிக்குள்ளேயே ஓட்ட முடிகிறது. கோப்பு உங்கள் கணினியைத் தாண்டுவதில்லை. சந்தேகமிருந்தால் ஒரு சிறு கோப்பை மாற்றிப் பார்த்துவிட்டு, இணைப்பைத் துண்டித்து இன்னொன்றை மாற்றிப் பாருங்கள். அப்போதும் வேலை நடந்தால் மாற்றம் உங்கள் கணினியிலேயே நிகழ்கிறது.

‘இடம் போதாது’ என்பது சோம்பலின் வாதம். ஒலி ஆவணக் காப்பாளர்கள் குறைந்தபட்சமாகப் பரிந்துரைக்கும் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில் பதிந்தாலும், ஒரு மணி நேரப் பேச்சு ஒற்றைத் தடத்தில் ஏறக்குறைய அரை ஜிபிதான். 2001-இல் வந்த ஃபிளாக் முறை எதையும் இழக்காமல் அதையும் சுருக்கிவிடும்.

நாடாவை இன்னும் வீசிவிடாதவர்கள் மறுபடி ஒருமுறை அதை ஓடவிட்டு, இம்முறை நேராக வேவ் ஆகப் பதிவுசெய்யட்டும். சுற்றுக்கு வேண்டிய எம்பி3 நகல்களை அதிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.