மிளகைச் சுமந்தவர்கள்

கொல்லிமலையில் பிறந்தவன் கடலைப் பற்றி எழுதப் புகுந்தால் நண்பர்கள் நகைக்கக்கூடும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே வாழும் எங்களுக்குக் கடல் வெறுங்கனவுதான். ஆயினும் எங்கள் தோட்டத்து மிளகுக்கும் மாலுமிக்கும் பழைய உறவு உண்டு.

சென்ற ஆண்டு என் பெரியப்பா மகனுக்குப் பெண் பார்த்தார்கள். அண்ணன் சரக்குக் கப்பலில் மாலுமி, நல்ல சம்பளம். "கப்பல்காரனுக்கு வீடு ஏது, வாசல் ஏது?" என்று பெண் வீட்டார் மறுத்துவிட்டனர். அந்தச் சொல்தான் என்னை வரலாற்று நூல்களைப் புரட்ட வைத்தது.

1601இல் லங்காஸ்டர் தலைமையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதற்பயணம் புறப்பட்டது. 1603இல் பத்து லட்சம் ராத்தலுக்கும் மேலான மிளகு இங்கிலாந்து சேர்ந்தது. சென்ற மாலுமிகளுள் நூற்றுக்கு மேற்பட்டோர் ஊர் திரும்பவேயில்லை.

அரசுக் கடற்படையிலும் வாழ்வு சிறக்கவில்லை. ரொக்கத்துக்குப் பதில் சீட்டுக் கொடுத்தார்கள்; அதைக் குறைந்த விலைக்கு விற்று மாலுமிகள் வயிறு கழுவினார்கள். 1667இல் மெட்வே ஆற்றில் புகுந்து தாக்கிய டச்சுக் கப்பல்களில் ஆங்கில மாலுமிகளும் இருந்தனர். பசி நாட்டுப்பற்றையும் தின்றுவிட்டது என்பதன்றி இதற்கு வேறென்ன பொருள்? 1653இல் விதித்த 24 ஷில்லிங் மாதச் சம்பளம் 144 ஆண்டுகள் மாறவில்லை. 1797இல் ஸ்பிட்ஹெட்டில் மாலுமிகள் ஒன்றுபட்டுக் கப்பலைச் செலுத்த மறுத்த பின்னரே அது உயர்ந்தது.

நம்மவர் நிலை இன்னும் கீழ். 'லஸ்கர்' எனப்பட்ட இந்திய மாலுமிகள் ஆங்கிலக் கப்பல்களில் வெள்ளையரைவிட மிகக் குறைந்த கூலிக்கு உழைத்தனர். 1946 பிப்ரவரியில் பம்பாயில் மூண்ட கடற்படை எழுச்சிக்கு மோசமான உணவும் அதிகாரிகளின் இழிசொல்லும் உடனடிக் காரணங்கள்.

மாலுமி தாழ்ந்தது தொழிலால் அன்று. நம் கண்ணுக்கெட்டாத தொலைவில் உழைப்பதால்தான் என்பது என் கருத்து. எங்கள் மலையில் மரமேறி மிளகு பறிப்பவர் நிலையும் அதுவே. சந்தையில் மிளகின் விலையைப் பேசுவோர், பறித்தவரைப் பேசுவதுண்டா?

மாலுமிகளின் உரிமை காக்கும் 2006ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. சட்டம் சம்பளத்தைக் காக்கலாம். மதிப்பை நாமன்றோ தரவேண்டும்?

அண்ணன் இன்று எந்தக் கடலில் இருக்கிறாரோ! நம் நாட்டுச் சமையல் வாயுவில் பெரும்பகுதி கப்பலில் வருவது. பெண் தர மறுத்த அந்த வீட்டு அடுப்பும் அதில்தான் எரிகிறது.