வெருளியைப் பாடிய புலவர்

ஈழத்து நவீன கவிதை எங்கே தொடங்குகிறது என்று ஆராயும் நெடுங்கட்டுரை ஒன்று அண்மையில் ஓர் இதழில் வெளிவந்தது. நவாலியூர் சோமசுந்தரப் புலவருக்கு (1878–1953) அதில் கிடைத்த இடம் அரை வரி. பண்டித மரபினர், சிறுவர்க்குச் சில பாட்டு எழுதியவர், அவ்வளவுதான். பண்டிதர் என்றதில் எமக்கு வழக்கில்லை, கலம்பகம் பாடியவர்தான். சிறுவர் பாட்டைக் கவிதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டதே உறுத்துகிறது.

‘ஆடிப்பிறப்பு’ பாட்டை அறியாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை அரிது. மனப்பாடமாகிவிட்டதாலேயே அதை எவரும் ஊன்றி வாசிப்பதில்லை. பள்ளி விடுமுறைக் குதூகலத்தில் தொடங்கி, சற்றைக்கெல்லாம் அடுக்களைக்குள் போய்விடுகிறது பாட்டு. பயறு வறுபடுகிறது, அரிசி இடிபடுகிறது, தேங்காய் துருவி முடிகிறது, கொழுக்கட்டை உருவாகிறது. பனங்கட்டி போட்ட கூழைத் தாய் துழாவுகிறாள். பிள்ளைகள் பலாவிலை பொறுக்கிவந்து கோலிப் பிடித்துக் காத்திருக்கிறார்கள். வர்ணனை என்று தனியாக எதுவும் தேவைப்படவில்லை. வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன; அந்த நடையே சந்தமாகிறது. புலன்களால் எழுதுங்கள் என்று படிமக்காரர்கள் நமக்கு வகுப்பெடுப்பதற்கு வெகு முன்பே ஒருவர் கூழின் மணத்தை யாப்புக்குள் ஏற்றிவிட்டார்.

‘கத்தரி வெருளி’யைப் பாருங்கள். பிரபந்தப் புலமையெல்லாம் கைவந்த ஒருவர், தோட்டத்தில் நிற்கும் பொம்மையைச் சேவகன் என்று விளிக்கிறார். கூலி வாங்காமல், கண் துஞ்சாமல் ஏழைக் கமக்காரனுக்குக் காவல் நிற்பதைப் போற்றுகிறார். கடவுளையும் கொற்றவனையும் பாடப் பழகிய நா அது. உழைப்பைப் பற்றிப் பின்னாளில் முழங்கிய முற்போக்குக் கவிதைகளில் எத்தனை இந்தப் பரிவைத் தொட்டன?

‘தாலவிலாச’த்தையும் சொல்லாமல் விட மனமில்லை. கருப்பநீரும் பனாட்டும் ஒடியலும் உண்டு வளர்ந்த ஊர் தன் மரத்துக்கு எழுதிக்கொண்ட நூல் அது. பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் பனைகளைத் தறித்துச் சாய்த்த ஆண்டுகளுக்குப் பிறகு அதை எடுத்து வாசித்தால் அது வேறொரு நூல். ஒரு நிலம் எதை இழந்தது என்பதை அறிய இதைவிடத் துல்லியமான ஆவணம் எமக்குத் தெரியாது.

உண்மையில் நோய் அந்தக் கட்டுரையோடு நிற்பதல்ல. பண்டிதம், மறுமலர்ச்சி, முற்போக்கு, நவீனம் என்று அறைகளைக் கட்டிவிட்டு, கவிஞர்களை உள்ளே தள்ளிப் பூட்டுகிற விமர்சனம் இங்கே அரை நூற்றாண்டாக நடக்கிறது. எந்த அறைக்கும் பொருந்தாதவன் குழந்தைகளுக்கு எழுதியவன். அவனை முற்றத்திலேயே விட்டுவிடுகிறார்கள். பேச்சோசையைச் செய்யுளுக்குள் கொண்டுவந்தவர் என்று மஹாகவியைக் கொண்டாடுகிறோம். சரியான கொண்டாட்டம், 1966இல் வந்த ‘குறும்பா’வை இன்றும் நாம் தாண்டவில்லை. ஆனால் அவ்வோசை வட்டுக்கோட்டையில் படிப்பித்த ஓர் ஆசிரியரின் சிறுவர் பாட்டில் முன்னரே கேட்டுவிட்டது என்பதை வரலாற்றில் ஏன் எழுதக் கூடாது?

கட்டுரையாளர் ‘சிறுவர் செந்தமி’ழை ஒருமுறை முழுதாக வாசிக்கட்டும். அதன்பின்னும் அரை வரி போதுமென்று தோன்றினால் காரணங்களோடு எழுதி அனுப்பட்டும். ஒரு சொல்லும் வெட்டாமல் அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.