பண்டிகை நாள்களில் கிறிஸ்தவர்கள்: எங்கள் மன்றத்தின் நிலைப்பாடு

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இந்துக்கள் 87.58 சதவீதம், கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம். நம்மில் பெரும்பாலோருக்கு அக்கம்பக்கத்தாரும் உடன் வேலை செய்பவர்களும் இந்துக்களே. தீபாவளிப் பலகாரத்தை வாங்கலாமா, ஆயுத பூஜையில் நிற்கலாமா என்று சபையார் கேட்கிறார்கள். எங்கள் பதில் இது: அயலாரின் மகிழ்ச்சியில் மனமாரக் கலந்துகொள்வோம்; வழிபாட்டை நம் ஆண்டவருக்கே செலுத்துவோம்; நமக்குக் கேட்கும் உரிமையைப் பிறருக்கும் கொடுப்போம்.

1. பணியிடம்: ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் எல்லாரும் சேர்ந்து ஒட்டடை அடிப்பார்கள், மெஷின்களைத் துடைப்பார்கள், மாவிலைத் தோரணம் கட்டுவார்கள். அந்த வேலையில் நம் கையும் இருக்கட்டும். தீபாராதனை நேரத்தில் மரியாதையாக ஒதுங்கி நிற்கலாம். அப்படி நிற்பவரை வற்புறுத்துவதும் கேலி பேசுவதும் தவறு.

2. உணவு: பக்கத்து வீட்டு முறுக்கையும் அதிரசத்தையும் அன்போடு வாங்கிக்கொள்வோம். படைத்த உணவைப் பற்றிய கேள்வி கொரிந்து சபையிலேயே எழுந்தது. பிறர் மனச்சாட்சியையும் எண்ணிப் பார்க்கச் சொன்னார் பவுல். பிரசாதம் வேண்டாம் என்பவர் கைகூப்பிச் சொல்லட்டும், முகம் சுளிக்க வேண்டாம். சாப்பிடுகிறவரும் சாப்பிடாதவரும் ஒருவரையொருவர் குற்றம் சாட்ட வேண்டாம்.

3. பொங்கல்: அறுவடைக்கு நன்றி சொல்வது நமக்கும் உரியது. பல தேவாலய வளாகங்களில் கிறிஸ்தவர்கள் பொங்கல் வைத்துக் கடவுளுக்கு நன்றி சொல்கிறார்கள். அதை வரவேற்கிறோம்.

4. பள்ளி: அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், பெற்றோரின் சம்மதமின்றி எந்தப் பிள்ளையையும் வழிபாட்டில் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28(3)ஆவது பிரிவு. சரஸ்வதி பூஜையில் நம் பிள்ளைக்கு உள்ள இந்த உரிமை, நம் மிஷன் பள்ளி ஜெபத்தில் இந்துப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் உண்டு. நம் நிர்வாகங்கள்தான் இதை முதலில் கடைப்பிடிக்க வேண்டும்.

5. தேர்தலும் தேர்வும்: 2019 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு வாக்குப்பதிவு நாள் ஏப்ரல் 18. அன்று பெரிய வியாழன். மதுரையில் சித்திரைத் தேரோட்டமும் அன்றுதான். தேதியை மாற்றக் கேட்டும் மாற்றவில்லை. மதுரையில் வாக்குப்பதிவு நேரத்தை மட்டும் இரவு 8 மணி வரை நீட்டித்தார்கள். இரு சமயத்தாரும் ஒரே நாளில் சிரமப்பட்டார்கள். தேர்தலுக்கும் தேர்வுக்கும் நாள் குறிப்பவர்கள் எல்லாச் சமயத்தாரின் முக்கிய நாள்களையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்று கோருகிறோம்.

வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு இந்துக்களும் திரளாக வருகிறார்கள். நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்கை உரிமையோடு கேட்டு வாங்குகிறார்கள். அந்த உறவை நம் விசுவாசத்துக்கு ஆபத்தாக எண்ணத் தேவையில்லை. போதகர்களும் பங்குத்தந்தையரும் இதை ஆலயத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும். பெற்றோர் பிள்ளைகளிடம் பேச வேண்டும். வரும் பண்டிகைக்கு அயலாரின் வீட்டுக்கு நீங்களே முதலில் போய் வாழ்த்துச் சொல்லுங்கள்.