மீல் மேக்கர் மருந்தல்ல... ஆனாலும் தட்டில் இருக்கட்டும்!

"சர்க்கரை நோய்க்கு சோயா அருமருந்து" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்து சேராத குடும்பம் தமிழ்நாட்டில் இருக்குமா என்பது சந்தேகம்தான். அடுத்த நாளே "சோயாவைத் தொடாதீர்கள், ஹார்மோன் கெட்டுவிடும்" என்று இன்னொன்று வரும். சில சமயம் இரண்டையும் அனுப்புவது ஒரே ஆள்தான்!

என்னைக் கேட்டால் இரண்டுமே தவறு. இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம். சோயாவும் ஆண்களின் ஹார்மோன்களும் பற்றி வந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் ஒரு கட்டுரை வந்தது. டெஸ்டோஸ்டிரோனிலும் ஈஸ்ட்ரோஜனிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்பதே அதன் முடிவு. ஆகவே பயப்பட வேண்டாம்.

அப்படியென்றால் சோயா மருந்தா? அதுவும் இல்லை. 2011இல் 24 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சோயா சேர்த்ததால் வெறும் வயிற்றுச் சர்க்கரை பெரிதாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் சோயாவை முழு உணவாகச் சாப்பிட்டவர்களிடம் மட்டும் ஓரளவு நல்ல பலன் தெரிந்தது. சீனாவின் ஷாங்காய் நகரில் 64,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து 2008இல் வெளியான ஆய்விலும் இதே கதைதான். சோயா பயறை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாக இருந்தது. சோயா புரதத்தை மட்டும் தனியாகக் கணக்கிட்டபோது அந்தத் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. டப்பாவில் விற்கும் சோயா பவுடருக்குக் காசைக் கொட்டுபவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. அதே 2008இல் ஈரானிலிருந்து வந்தது. இரண்டாம் வகை நீரிழிவால் சிறுநீரகமும் பாதிக்கப்பட்ட 41 பேர், நான்கு வருடங்கள். ஒரு குழுவினருக்கு விலங்குப் புரதத்தில் பாதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நம் மீல் மேக்கர் வகைச் சோயாவைக் கொடுத்தார்கள். சர்க்கரை, கொலஸ்ட்ரால், சிறுநீரில் போகும் புரதம் மூன்றிலும் முன்னேற்றம். சின்ன ஆய்வுதான். ஆனால் கவனியுங்கள், அங்கே சோயா கூடுதலாகச் சேர்க்கப்படவில்லை. ஒன்று போய், அதன் இடத்துக்கு இன்னொன்று வந்தது.

நான் சொல்ல வருவதும் இதுதான். சோயா எதைச் செய்கிறது என்று கேட்பதைவிட, சோயா வந்ததும் தட்டிலிருந்து எது இறங்கியது என்று கேட்க வேண்டும்.

நம் வீடுகளில் எதுவுமே இறங்குவதில்லை! மீல் மேக்கர் பிரியாணி, பரோட்டாவுக்கு மீல் மேக்கர் குருமா, எண்ணெயில் பொரித்த சோயா 65... சோறும் மைதாவும் அப்படியே இருக்க, மேலே நாலு உருண்டை. எங்கள் விடுதி மெஸ்ஸிலும் வாரம் தவறாமல் இதே காட்சிதான். இதைச் சாப்பிட்டுவிட்டுச் சர்க்கரை குறையவில்லையே என்றால் சோயா என்ன செய்யும், பாவம்?

நம் நாட்டுச் சாப்பாட்டின் நிலை என்ன தெரியுமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுக்க நடந்த இந்தியாப் ஆய்வின்படி, நாம் பெறும் கலோரிகளில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதம் 12 சதவீதம்தான். நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு என்று 2023இல் சொன்னதும் இதே ஆய்வுதான். புதிதாக நோய் வந்தவர்கள் அதிலிருந்து மீள மாவுச்சத்தை 49 முதல் 54 சதவீதத்துக்குக் குறைத்து, புரதத்தை 20 சதவீதம் அளவுக்கு உயர்த்தலாம் என்று 2022இல் அந்தக் குழு கணக்கிட்டது.

இங்கேதான் சோயா கைகொடுக்கிறது. சோயாவில் எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் மாவில் செய்வதுதான் மீல் மேக்கர். காய்ந்த நிலையில் அதன் எடையில் பாதி புரதம். 30 கிராம் எடுத்து ஊறவைத்தால் கிண்ணம் நிறைந்துவிடும். அதில் புரதம் சுமார் 15 கிராம், மாவுச்சத்து சுமார் 10 கிராம்தான். ஒரு கப் சோற்றில் மாவுச்சத்து 40 கிராமுக்கு மேல்! முழு சோயா பயறின் கிளைசீமிக் குறியீடு 20க்கும் கீழே, வெள்ளை அரிசிக்கு 70ஐ ஒட்டி. முட்டை, மீன் வாங்க முடியாத வீட்டுக்கும், சாப்பிடாத வீட்டுக்கும் இதைவிட மலிவான வழி குறைவு.

எனவே மூன்று கரண்டி சோறு போடும் இடத்தில் இரண்டு போடுங்கள். மூன்றாவது கரண்டியின் இடத்தில் மீல் மேக்கர் பொரியலோ, ஊறவைத்துக் குக்கரில் நன்றாக வேகவைத்த சோயா சுண்டலோ வரட்டும். கோதுமை மாவில் ஒரு ஸ்பூன் சோயா மாவைக் கலந்துவிட்டு வழக்கமாகச் சாப்பிடும் நாலு சப்பாத்தியையும் சாப்பிடுவது மனத்திருப்திக்கு மட்டுமே. சோயா பால் வாங்கினால் அட்டையில் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். தைராய்டு மாத்திரையையும் சோயாவையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள், மருந்து உடலில் சேர்வதை அது குறைக்கும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் எவ்வளவு புரதம் என்பதை மருத்துவரிடமே கேளுங்கள். முக்கியமாக, சோயாவை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

வாட்ஸ்அப் செய்தியில் எனக்குள்ள கோபமே இதனால்தான். "இதைச் சேர்த்துக்கொள்" என்று சொன்னால் எல்லோருக்கும் பிடிக்கிறது. "அதைக் குறைத்துக்கொள்" என்றால் யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை. சர்க்கரை நோயில் வேலை செய்வதோ இரண்டாவது வாக்கியம்தான். அந்தக் குறைத்தலைப் பசியில்லாமல் தாங்க உதவும் நல்ல துணை சோயா. அதற்கு மேல் அதன் தலையில் பாரம் ஏற்ற வேண்டாமே!

உங்கள் வீட்டில் சோற்றைக் குறைக்க என்ன வழி கண்டுபிடித்தீர்கள்? சொல்லுங்கள், தெரிந்துகொள்கிறேன்.